முகப்புத் தூண்கள்

பம்மல், பல்லாவரம் வட்டாரத்தில் ஆலயம் எழுப்ப வரைபடம் கொண்டுவருவோர் முதலில் காட்டுவது முகப்புத் தூண்களையே. செங்கல் அடுக்கி, சிமெண்ட் பூசி, உச்சியில் இலைச்சுருள் ஒட்டிய கிரேக்கத் தூண்கள்! கலியாண மண்டபத்திற்கும் அதே அச்சுத்தான். "அப்போதுதான் கோவில் களை வரும், சாமி" என்கிறார்கள்.

எந்தக் களை? சென்னையில் அத்தகைய தூண்களுக்குப் பெயர்பெற்றது இராஜாஜி மண்டபம். கிரேக்கக் கோயிலின் சாயலில் கோல்டிங்ஹாம் அமைத்து 1802இல் முடித்த அவ்விருந்து மண்டபம், திப்பு சுல்தானை வென்ற களிப்பில் ஆங்கிலேயர் எழுப்பியது. ஆண்டவனுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

தொடக்கத் திருச்சபைக்கு இதில் மயக்கம் இருக்கவில்லை. கிரேக்க, உரோமைக் கோயில்களின் உள்ளே இருந்தது தெய்வச்சிலை. பலிபீடமும் மக்கள் கூட்டமும் வெளியே. கி.பி. 313இல் வழிபாட்டுரிமை பெற்றபின், நம் முன்னோர் அவ்வடிவத்தை விடுத்து, வழக்கும் வாணிபமும் நடந்த 'பசிலிக்கா' எனும் பொதுமண்டபத்தைத் தெரிந்துகொண்டனர். மக்கள் உள்ளே கூடவேண்டுமே! சாந்தோம் ஆலயத்தை 1956 முதல் பசிலிக்கா என்றழைக்கும் நாம் அச்சொல்லின் பிறப்பை எண்ணிப் பார்ப்பதில்லை. பசிலிக்காவிலும் தூண்கள் உண்டு, மறுக்கவில்லை. அவை உள்ளே நின்று கூரையைத் தாங்கின. நம் சிமெண்ட் தூண்களோ தாங்குவது நன்கொடையாளர் பெயர்ப்பலகையை மட்டுமே.

திருவிழா ஞாயிறுகளில் தாய்மார் கைக்குழந்தையோடு வெயிலில் நின்று திருப்பலி காணும் பங்குகளில், முகப்புக்கு நிதி திரட்டுவது எந்த நியாயம்? அந்தப் பணத்தில் ஆலயத்தின் இருபுறமும் தாழ்வாரம் இறக்கலாம். பசிலிக்காவிலும் பக்கக்கூடங்கள் இருந்தன.