வழவழப்பு யாருக்கு, ஹேங் யாருக்கு?

ஆவடி - பூந்தமல்லி சாலையில் இருக்கும் கல்லூரிகளில் எந்த கேண்டீனுக்குள் நுழைந்தாலும் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கும். ரஜினியா கமலா எல்லாம் போன தலைமுறையோடு போச்சு. இப்போ ஐபோனா ஆண்ட்ராய்டா என்பதுதான் சண்டை. 'மச்சி, இங்க பாரு.. எப்படி வழுக்கிக்கிட்டு போகுது. உன்னுது நாலு தடவை தட்டினாத்தான் கண்ணு முழிக்குது' என்று ஒருவன் திரையை மேலும் கீழும் தள்ளிக் காட்டுவான். எதிரே இருப்பவன் 'உன் ஒரு போன் காசுல எங்க வீட்டுல எல்லாருக்கும் போன் வாங்கலாம்டா' என்பான். டீ ஆறிப்போகும். தீர்ப்பு மட்டும் வராது.

எப்படி வரும்? வழக்கே தப்பு. எண்பதாயிரம் ரூபாய் போனையும் பத்தாயிரம் ரூபாய் போனையும் பக்கத்துல பக்கத்துல வைத்துவிட்டு, ஜெயித்தது ஓஎஸ் என்கிறார்கள். ஆளை அடைத்துக்கொண்டு பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் திணறும் ஷேர் ஆட்டோவையும், டிரைவர் மட்டும் உட்கார்ந்திருக்கும் இன்னோவாவையும் ஓடவிட்டு 'பார்த்தியா, இந்த கம்பெனி கியர்பாக்ஸ்தான் பெஸ்ட்' என்று சொல்வது மாதிரி இருக்கிறது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஒரு பெயர், மூணு வியாதி

போன் ஹேங் ஆகுது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே, அதற்குள் மூன்று தனித்தனி வியாதிகள் இருக்கின்றன.

முதலாவது, திரை குதிப்பது. சாதாரணத் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. அதாவது ஒவ்வொரு படத்தையும் வரைந்து முடிக்க போனுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி நொடி. 120 ஹெர்ட்ஸ் திரை என்றால் அதிலும் பாதி. அதற்குள் வரைய முடியாவிட்டால் பழைய படமே நின்றுவிடும். கண்ணுக்கு அது குதிப்பாகத் தெரியும்.

இரண்டாவது, தொட்டால் தாமதம். விரல் பட்டதற்கும் திரை அசைவதற்கும் உள்ள இடைவெளி. பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் பதில் வந்தால் மனித மூளை 'உடனே நடந்தது' என்று எடுத்துக்கொள்ளும் என்பது கணினித் துறையில் பல வருடமாகப் புழங்கும் கணக்கு. அதைத் தாண்டினால் விரல் மறுபடி தட்டும்.

மூன்றாவது, காத்திருப்பு. ஆப் திறக்க நேரமாவது, கீபோர்டு வரத் தாமதிப்பது, வேறு ஆப்புக்குப் போய்விட்டுத் திரும்பினால் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிப்பது எல்லாம் இதில் சேர்த்தி.

கேண்டீன் சண்டை முழுக்க முதல் வியாதியைப் பற்றித்தான். ஜனங்களைப் படுத்தி எடுப்பதோ மூன்றாவது. இங்கேதான் எல்லாக் குழப்பமும்.

ஐபோன் கட்சி சொல்வதில் இருக்கும் உண்மை

ஒரு காலத்தில் அவர்கள் சொன்னது சரிதான். 2007-ல் வந்த முதல் ஐபோனில் இருந்தே, அசைவுகளைத் திரையில் சேர்த்துக் காட்டும் வேலையை ஆப்பின் தலையில் கட்டாமல் தனியாக ஒரு நிரலிடம் ஆப்பிள் கொடுத்திருந்தது. ஆப் உள்ளே திணறினாலும் அசைவு பெரும்பாலும் தடங்காது. ஆண்ட்ராய்டில் கதை வேறு. 2011-ல் 3.0 வரும்வரை ஆப்பின் திரைக்குள் வரைகிற வேலை கிராபிக்ஸ் சிப்புக்குப் போகாமல் பிராசஸர் தலையிலேயே விழுந்தது. அது போதாதென்று, பயன்படாத நினைவகத்தைக் கூட்டிப் பெருக்குகிற வேலை நடுநடுவே வந்து எல்லாவற்றையும் ஒரு கணம் நிறுத்தி வைக்கும்.

கூகுள் இதைச் சரி செய்தது. 2012-ல் ஜெல்லி பீன் 4.1-உடன் 'பிராஜக்ட் பட்டர்' என்று பெயர் வைத்தே வந்தார்கள். திரை புதுப்பிக்கும் தாளத்தோடு வரையும் வேலையை ஒட்டவைத்தார்கள். விரல் பட்டவுடன் பிராசஸர் வேகத்தை ஏற்றினார்கள். 2014-ல் லாலிபாப் 5.0 வந்தபோது பழைய டால்விக் போய் ஏஆர்டி வந்தது. நடுவில் வந்து நிறுத்துகிற தொல்லையும் குறைந்தது. இன்று அதே விலையில் இருக்கும் இரண்டு போன்களை வாங்கிய முதல் வாரத்தில் வைத்துப் பார்த்தால், திரை குதிப்பதைக் கண்டுபிடிக்க வேக கேமரா வேண்டும். அந்தச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது மக்களே. இன்னும் நடத்துகிறவர்கள் பழைய தேர்தலுக்கு இப்போ ஓட்டு கேட்கிறார்கள் :-)

வழவழப்பு மட்டும் சோறு போடுமா?

போடாது என்பதற்கு விண்டோஸ் போனை விட நல்ல சாட்சி இல்லை. 2013-ல் வந்த லூமியா 520-ல் வெறும் 512 எம்பி ராம். பத்தாயிரம் ரூபாய் வாக்கில் விற்றது. அதே விலை ஆண்ட்ராய்டுகள் மூச்சு வாங்கிய காலத்தில் அதன் திரை அழகாக வழுக்கியது. ஆனால் ஒரு ஆப்பில் இருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்பினால் 'ரெஸ்யூமிங்...' என்று புள்ளிகள் ஓடும். முதல் வியாதி இல்லை, மூன்றாவது இருந்தது. ஆப் பஞ்சமும் சேர்ந்துகொண்டது. விண்டோஸ் 10 மொபைலுக்கு 2020 ஜனவரியோடு ஆதரவும் நின்றது.

எதிர்ப்பக்கம் இன்னொரு சாட்சி. 2014 ஆகஸ்டில் இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ் 1,999 ரூபாய்க்கு வந்தது. ஃபயர்பாக்ஸ் ஓஎஸ், லேசான ஓஎஸ் என்று பேசப்பட்டது. உள்ளே 128 எம்பி ராம். எவ்வளவு லேசான ஓஎஸ்ஸாக இருந்தாலும் உட்கார இடம் வேண்டாமா? தட்டினால் எழுத்து வரவே யோசித்தது. அந்த ஓஎஸ்ஸின் வாரிசான கைஓஎஸ் 2017-ல் ஜியோபோனில் நிலைத்து நின்றது என்றால், 512 எம்பி ராமும் டச் இல்லாத பட்டன் திரையும் அதற்கு ஏற்ற அளவாக இருந்ததால்தான்.

ஆக, ஓஎஸ்ஸை தனியாகத் தூக்கி வைத்து 'இது வேகம், அது மெதுவு' என்பது பேச்சே இல்லை. எந்த ராம், எந்த ஸ்டோரேஜ், எத்தனை வருடப் பழசு என்று கேட்காத ஒப்பீடு வெறும் விளம்பரம்.

பத்தாயிரம் ரூபாய் போனுக்குள் நடப்பது

வாங்கிய அன்று எந்த போனும் ஓடும். மூணாவது வருடம்தான் வண்டவாளம் தெரியும்.

விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் இஎம்எம்சி வகை ஸ்டோரேஜ் இருக்கும். விலை கூடினால் அதைவிடப் பல மடங்கு வேகமான யுஎஃப்எஸ். ஸ்டோரேஜ் நிரம்ப நிரம்ப, அழித்து எழுத இடம் தேடியே போன் களைத்துப்போகும். கூகுள் பெயரிலேயே வந்த 2012-ன் நெக்ஸஸ் 7 டேப்லெட்டுக்கு இதே கதிதான். காலியான இடத்தை ஒழுங்காகச் சுத்தம் செய்யும் வசதி 2013-ல் ஆண்ட்ராய்டு 4.3-ல் வந்தபிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. நிரம்புவதற்கு இந்தியாவில் காரணமா இல்லை? ரோஜாப்பூ படம் போட்ட காலை வணக்கம், அதையே அனுப்பும் மூன்று குரூப், கோயில் திருவிழா வீடியோ! 2017 டிசம்பரில் 'ஃபைல்ஸ் கோ' என்ற ஆப்பை கூகுள் கொண்டுவந்தபோது, இந்த மாதிரி குப்பையைக் கூட்டுவதுதான் அதன் முக்கிய வேலை.

அதற்கு மேல் கம்பெனிக்காரர்களின் திருவிளையாடல். கேட்காமலே உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆப்கள், லாக் ஸ்கிரீனில் விளம்பரம். எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது பெட்டியில் ஒட்டியிருக்கும் '8 ஜிபி ராம்' ஸ்டிக்கர். கீழே பொடி எழுத்தில் 4+4 என்று இருக்கும். நிஜ ராம் 4 ஜிபிதான். மீதி, ஸ்டோரேஜில் ஒரு மூலையை ஒதுக்கி அதை ராம் என்று கூப்பிடுவது. திண்ணையில் பாய் விரித்துவிட்டு 'டபுள் பெட்ரூம்' என்று வாடகைக்கு விடுவது போல.

ஆப்பிள் என்ன யோக்கியமா?

2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1-ல், பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு இருந்தது. வாங்கியவர்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. அந்த டிசம்பரில் விஷயம் வெளியே வந்ததும், போன் திடீரென்று அணைந்து போகாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்றார்கள். மன்னிப்பும் கேட்டார்கள். 2020-ல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. அமெரிக்காவில் 50 கோடி டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தார்கள்.

ஆண்ட்ராய்டு கட்சி உடனே கை தட்ட வேண்டாம். ஆப்களின் வேகத்தை ஒடுக்கிவிட்டு வேகப் பரிசோதனை ஆப்பை மட்டும் விட்டுவைத்த குற்றச்சாட்டில், 2021-ல் ஒன்பிளஸ் 9 போன்களையும் 2022-ல் சாம்சங்கின் எஸ்22 உட்பட பல போன்களையும் கீக்பெஞ்ச் தன் பட்டியலில் இருந்து தூக்கியது. அந்த எண்களை வைத்துத்தான் இங்கே நண்பர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு விஷயம் முக்கியம். 2018-ல் ஐஓஎஸ் 12 வந்தபோது, ஐபோன் 6 பிளஸ்ஸில் ஆப் திறப்பது 40 சதவீதம் வரையும், கீபோர்டு வருவது 50 சதவீதம் வரையும் வேகமாகும் என்று ஆப்பிளே சொன்னது. அது 2014-ல் வந்த போன். அப்படியென்றால் பழைய போன் மெதுவாவது விதியல்ல. மனசு வைத்தால் வேகப்படுத்த முடியும். மனசு வைப்பதில் லாபம் இல்லை, அவ்வளவுதான்.

'கம்மி விலை போன் அப்படித்தான் இருக்கும்'

எதிர்க்கட்சியின் பலமான வாதம் இது. காசுக்கேத்த தோசை என்பார்கள். பழைய ஐபோனுக்கு வருடக்கணக்கில் அப்டேட் வருகிறது, அதனால் கணக்குப் பார்த்தால் அதுவே சல்லிசு என்றும் சொல்வார்கள். அப்டேட் விஷயத்தில் அவர்கள் சொல்வது நியாயம். ஆனால் மொத்தமாக எண்பதாயிரம் எடுத்து வைக்க முடியாதவனுக்கு அந்தக் கணக்கு உதவாது. 2019 முதல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஐபோன் பொருத்தப்படுகிறது. பூந்தமல்லிப் பக்கத்து விடுதிகளில் தங்கி அந்த வேலைக்குப் போகும் பெண்கள், தாங்கள் பொருத்தும் விலை உயர்ந்த போனை ஒரு மாதச் சம்பளத்தில் வாங்க முடியாது.

அதைவிட, போன் இப்போது ஆடம்பரப் பொருளா? 2015-ல் சென்னைப் புறநகர் ரயிலுக்கு செல்போன் டிக்கெட் வந்தது. காகிதம் இல்லாமல் டிக்கெட் எடுத்தவர், பரிசோதகர் கேட்டால் ஆப்பைத் திறந்துதான் காட்ட வேண்டும். ஆவடியில் ஏறி அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிக்குப் போகிறவர், பரிசோதகர் எதிரே நிற்கும்போது ஆப் சுற்றிக்கொண்டே இருந்தால் என்ன செய்வார்? பணம் கட்டும்போது ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினால், ராம் போதாமல் பேமெண்ட் ஆப் செத்துப்போய் முதலில் இருந்து தொடங்கும். பணம் போனதா இல்லையா என்று தெரியாமல் கடைக்காரர் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். டெலிவரி பையனுக்கு ஆர்டர் வந்து, தட்டுவதற்குள் கைவிட்டுப் போனால் அன்றைய கூலியில் துண்டு விழும்.

ரேஷன் கார்டு மாதிரி எல்லாருக்கும் கட்டாயம் ஆக்கிவிட்டு, ஓடவில்லையென்றால் 'நல்ல போன் வாங்கு' என்பது என்ன நியாயம்?

கேட்க வேண்டியது

விமர்சனம் செய்கிறவர்கள் புது போனைப் பெட்டியில் இருந்து எடுத்து ஆட்டிக் காட்டுவதை நிறுத்தட்டும். ரெண்டு வருடம் ஓடிய போனில், ஸ்டோரேஜ் முக்கால்வாசிக்கு மேல் நிரப்பி, டிக்கெட் ஆப், பேமெண்ட் ஆப், வாட்ஸப் மூன்றையும் மாற்றி மாற்றித் திறந்து நேரத்தைச் சொல்லட்டும். ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல், பேட்டரி 800 முறை சார்ஜ் ஆனபிறகும் 80 சதவீதத் திறன் மிச்சம் இருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. இந்தியாவில் 2025 மே மாதம், பொருட்கள் எந்த அளவு ரிப்பேர் செய்யத்தக்கவை என்று மதிப்பெண் போடும் திட்டத்தை ஒரு குழு மத்திய அரசிடம் கொடுத்தது. அதில் மென்பொருள் அப்டேட்டும் ஒரு அளவுகோல். கூடவே 'அப்டேட்டுக்குப் பிறகு எவ்வளவு வேகம்' என்பதையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாமே.

கடைசியாக, கேண்டீனில் கத்தும் மாணவர்களுக்கு ஒன்று. நாளைக்கு அம்பத்தூரிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து ஆப் எழுதப் போவது இவர்கள்தான். எழுதும்போது கையில் பெரும்பாலும் கம்பெனி கொடுத்த விலை உயர்ந்த போன் இருக்கும். அதில் எல்லாமே வழுக்கிக்கொண்டுதான் போகும். வெளியே விடும் முன் அம்மாவின் பழைய போனில் ஒரு தடவை போட்டுப் பார்த்தால் போதும். பாதி ஊரின் ஹேங் அங்கேயே தீரும்.

டிஸ்கி: இது எந்தக் கம்பெனிக்கும் விளம்பரம் இல்லை. எல்லா கம்பெனிக்கும் சம அளவில் திட்டு உண்டு :-)