முதலில் ஒரு வருஷத்தைத் திருத்துங்கள்

தமிழ் விக்கிப்பீடியாவில் நவீன இலக்கியம் பற்றி இருப்பதெல்லாம் அரைகுறை என்பது, நம்மில் இருவர் சந்தித்தால் மூன்றாவது வாக்கியமாக வந்துவிடுகிறது. வரட்டும். 2003இல் தொடங்கிய காரியம் அது. இத்தனை வருஷங்களில் நம்மில் எத்தனை பேர் அதில் ஒரு காற்புள்ளியாவது இட்டிருக்கிறோம்? ஆரம்ப நாட்களில் அதைச் சுமந்தவர்களில் முக்கியமானவரான இ. மயூரநாதன் ஒரு கட்டிடக்கலைஞர். கவிஞர்கள் புகார் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியத்தில் பிழை கண்டால் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைக்கலாம், அவ்வளவுதான். இங்கே அப்படியில்லை. 'தொகு' என்பதை அழுத்திப் பெரும்பாலான பக்கங்களை யாரும் திருத்தலாம். ஆகவே, பிழையைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்பியவனுக்கும் அந்தப் பிழையில் பங்குண்டு.

நானும் போனேன். எனக்குப் பிடித்த கவிஞர் ஒருவரின் பக்கத்தில் 'ஒப்பற்ற ஆளுமை' என்று எழுதினேன். ஒரு மணி நேரத்தில் யாரோ நீக்கிவிட்டு ஆதாரம் கேட்டிருந்தார். இலக்கியம் தெரியாத குமாஸ்தா என்று திட்டினேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. அவர் என் ரசனையை மறுக்கவில்லை. இது யார், எங்கே, எப்போது அச்சிட்ட அபிப்பிராயம் என்றுதான் கேட்டார். விமர்சனம் விமர்சனம் என்று கத்துகிற நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாத கேள்வி.

நம் இலக்கிய சரித்திரத்தில் பாதி டீக்கடை வாய்மொழி. அது அங்கே செல்லாது. பிரசுரமானதுதான் செல்லும். 'எழுத்து' 1959 ஜனவரியில் தொடங்கியது என்பதற்கு அதன் முதல் இதழே சாட்சி. அந்த மாதிரி இதழ்கள் யார் வீட்டுப் பரணில் கிடக்கின்றன? நம் வீட்டில்தான். பூச்சி அரித்த பிறகு எதைக் காட்டுவது?

எனவே சித்தாந்தக் கட்டுரையோடு அங்கே போகாதீர்கள். ஒரு கணக்குத் திறந்து, மணல்தொட்டியில் எழுதிப் பழகி, தப்பாக இருக்கும் ஒரே ஒரு வருஷத்தைத் திருத்துங்கள். எந்த இதழ், எந்தப் பக்கம் என்று குறிப்பிடுங்கள். யாராவது ஆட்சேபித்தால் உரையாடல் பக்கத்தில் பதில் சொல்லுங்கள், வசவு இல்லாமல் (நமக்குக் கஷ்டம்தான்). உங்களைப் பற்றியோ உங்கள் புத்தகம் பற்றியோ எழுத வேண்டாம். கட்டுரையின் கீழ் உங்கள் பெயர் வராது. 'வரலாறு' என்ற பகுதியைத் திறப்பவர் கண்ணுக்கு மட்டும் படும். நம்மவர்களைத் தடுப்பது இதுதான் என்பது என் சந்தேகம்.

என்னிடம் 'கசடதபற' இதழ்கள் சில இருக்கின்றன. அட்டை போன ஒன்றின் மாதம் தெரியவில்லை. முழுப் பிரதி வைத்திருப்பவர் எழுதுங்கள்.