கொற்கைக் கரையில் பருத்துவரும் இளமை

கல்லின்மேல் காலூன்றிக் கயிற்றைப் பற்றி, மூச்சடக்கிக் கடலடியில் இறங்கிச் சிப்பி வாரியவர்தம் கரை தூத்துக்குடிக் கரை. 1961-உடன் அங்கு முத்துக்குளிப்பு நின்றது. 1974-இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாயிற்று. தோளும் தொடையும் செய்த வேலையைத் தூக்கிப் பொறிகள் ஏற்றன. அதனைக் குறைகூறுவார் இலர். முத்துக்குளிப்பு உயிர்குடிக்கும் தொழிலுமன்றோ? ஆயின், உழைப்புக் குறைந்த வீட்டில் உணவு குறையவில்லை, மாறிற்று. அம்மாற்றத்தை உடலில் சுமப்போர் வளரிளம் பிள்ளைகள்.

பருத்த பிள்ளையைக் கண்டவுடன் ‘தின்றே கொழுத்தான்’ என நகைப்பது நம்மவர் வழக்கம். அது கொடுமை மட்டுமன்று, அறியாமையும் ஆகும். உலக நலவாழ்வு நிறுவனக் கணக்கின்படி, 5 முதல் 19 அகவைக்குட்பட்டோரில் மிகையெடை உடையோர் 1990-இல் நூற்றுக்கு 8 பேர். 2022-இல் 20 பேர். முப்பதாண்டுக்குள் உலகப் பிள்ளைகளெல்லாம் ஒருங்கே பெருந்தீனியர் ஆகிவிட்டனரா? பிறவிக்கூறும் ஒரு கரணியமே; ஆயின் அது முப்பதாண்டில் மாறுவதன்று. மாறியது சூழல்.

பள்ளி விட்டதும் தனிப்பயிற்சி. இடைவழியில் எண்ணெயில் பொரித்த மைதாப் புரோட்டாவும் ஒரு குப்பி இனிப்புநீரும். 300 மில்லிக் குப்பியில் ஏறத்தாழ 30 கிராம் சருக்கரை! பின்னர் நள்ளிரவு வரை கைப்பேசி. இப்பருவத்தார்க்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும். உறக்கம் குறையின் பசி மிகும். விளாத்திகுளக் கரிசலில் விளையும் கம்பும் சோளமும் அப்பிள்ளையின் தட்டிற்கு வருவது அரிது.

நம்முடையது என்பதாலேயே எதுவும் நல்லதாகிவிடாது. உடன்குடிக் கருப்பட்டியும் இனிப்பே. அளவு மீறின் அதுவும் கொழுப்பாகவே படியும். மேலையர் வழிவந்த மக்ரூனைப் பழித்துவிட்டுக் கருப்பட்டி மிட்டாயை அள்ளித் தின்பது தமிழுணர்வாகாது.

பெண்பிள்ளைகள் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பூப்பெய்தியவுடன் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் ஊட்டுகின்றனர். வளரும் உடலுக்கு ஊட்டம் வேண்டுவதே, அம்மரபில் பிழையில்லை. ஆனால், களி கொடுத்த அதே கை தெருக்கதவைச் சாத்திவிடுகிறது. நேற்றுவரை மணலில் ஓடியவள் இன்று ஓடின் ஊர் பேசுமாம்! ஊட்டம் ஏற, ஓட்டம் நின்றால் உடல் என்செய்யும்? நாளொன்றுக்கு ஒரு மணி நேரமேனும் வியர்க்க ஆடவேண்டும் என்பது ஆணுக்கு மட்டும் வகுத்த அளவன்று.

பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் சருக்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களை விற்கலாகாதென 2020-இல் நடுவணரசின் உணவுக் காப்பு விதி வந்தது. தம் பிள்ளை பயிலும் பள்ளியின் வாயிலில் பெற்றோரே சென்று அளந்து பார்க்கட்டும். கடையிருப்பின் தலைமையாசிரியரைக் கேட்கட்டும். விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடத்திற்குப் பறிக்கும் பள்ளியாயின், அதனையும் அப்பொழுதே கேட்டுவிடலாம்.