சாவியை யார் வாங்கி வைப்பது?

காரைக்குடியில் ஒரு பெரியவர். வயது 75. ஐம்பது வருஷமாகக் கார் ஓட்டுகிறவர். குன்றக்குடிக்குக் கிளம்பியவர், பழகின வழியிலேயே திருப்பம் தெரியாமல் நேரே போய்விடுகிறார். இன்னொரு நாள் வாசல் தூணில் உரசிவிடுகிறார். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். அத்தனை பெரிய வீட்டில் அவரும் ஆச்சியும் மட்டும். இப்படியொரு குடும்பத்தைச் செட்டிநாட்டில் கற்பனை செய்துகொள்வது கஷ்டமல்ல. கஷ்டமான கேள்வி வேறு: அவர் இனி கார் ஓட்டலாமா?

ஓட்டுவது கை, கால் வேலை என்று நினைக்கிறோம். உண்மையில் அது மூளையின் வேலை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார், ஒரே வினாடியில் சுமார் 17 மீட்டர் போய்விடும். குறுக்கே ஓர் ஆடு வந்தால் கண் பார்த்து, மூளை தீர்மானித்து, கால் பிரேக்கை மிதிக்க வேண்டும். பார்க்கின்சன் நோயில் அந்தக் கால் தாமதிக்கும். அதற்குக் கொடுக்கும் மருந்துகளில் சில, திடீரென்று தூக்கத்தில் ஆழ்த்தவும் கூடும். பக்கவாதத்துக்குப் பின் சிலருக்கு ஒரு பக்கமே கவனத்தில் பதியாது. கண் நன்றாகத்தான் இருக்கும். இடப்பக்கம் வரும் சைக்கிள்தான் தெரியாது.

மறதி நோய் இன்னும் விசித்திரமானது. கியர் மாற்றுவது பழக்கத்தால் நடந்துகொண்டே இருக்கும், கெடுவது நிதானம். தமக்கு நோய் உண்டென்பதையே பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது பிடிவாதமல்ல, நோயின் வேலை.

நம் விதிகளோ அவரையே சாட்சிக்கு அழைக்கின்றன! லைசென்ஸ் கேட்கிறவர், வலிப்பு உண்டா, திடீரென நினைவு தப்புமா, தலை சுற்றுமா என்பதற்குத் தாமே பதில் எழுதிக் கொடுக்க வேண்டும். 40 வயதுக்கு மேல் டாக்டர் சர்ட்டிபிகேட்டும் தேவை; 55 தாண்டினால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கண்ணும் காதும் பார்க்கப்படும். ஞாபகத்துக்கென்று தனிப் பரீட்சை கிடையாது.

வலிப்பு நோயாளியின் சங்கடம் நேர்மாறானது. அவருக்குத் தம் நோய் தெரியும். ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டுப் பல வருஷம் வலிப்பே வராமலிருப்பவர்கள் அநேகர். பிரிட்டனில் பொதுவாக ஒரு வருஷம் வலிப்பு வராதிருந்தால் கார் ஓட்டலாம். பஸ், லாரிக்கு மாத்திரையில்லாமல் பத்து வருஷம் கழிய வேண்டும். இங்கே அப்படி ஒரு கணக்கு இல்லை. வேன் ஓட்டிப் பிழைக்கிறவர் உண்மையை எழுதினால் பிழைப்புப் போகும். எழுதுவாரா?

மறதி நோயென்று தெரிந்தால் லைசென்ஸ் அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டுமென்பதும் பிரிட்டனின் சட்டம். உடனே பறித்துவிடுவதில்லை, ஆரம்ப நிலையானால் ஒரு வருஷத்துக்குக் கொடுத்து மறுபடி பார்ப்பதும் உண்டு. நம் 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்திலும் வழியில்லாமல் இல்லை. நோயால் ஒருவர் ஓட்டத் தகுதியற்றவர் என்று நம்பக் காரணமிருந்தால், மருத்துவச் சான்று கேட்கவோ லைசென்ஸை ரத்து செய்யவோ 16-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. ஆனால் அதிகாரியிடம் போய்ச் சொல்வது யார்? பெற்ற பிள்ளையா?

"அப்பச்சி, இனிமேல் டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள்" என்று மகன் போனில் சொன்னால் பெரியவருக்குக் கோபம் வரும். அதையே நரம்பியல் டாக்டர் சோதித்துப் பார்த்து, ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் கேட்டாலும் கேட்பார். அதுவரை சாவியை ஒளித்து வைக்கும் வேலை ஆச்சியுடையது.