பரண் கட்டும் கலை

மேல்நாடுகளில் மான் வேட்டைப் பருவம் வருமுன், வேட்டைப் பிரியர்கள் காட்டோரத்தில் மறைவுக் கூண்டு ஒன்று கட்டி, மழையும் பனியும் நுழையாதபடி அடைத்து வைப்பது வழக்கம். நம் தேசத்தில் அந்த ஆசை செல்லாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஒடுக்கிற்று. 1991-இல் வந்த திருத்தம், எஞ்சியிருந்த வேட்டை உரிமங்களையும் அறவே ஒழித்தது. புள்ளிமானைக் காண விரும்பும் சென்னைவாசிகள் கிண்டிக்குப் போய்க் கண்ணால் சுட்டுவிட்டு வரலாம்.

ஆயினும் கூண்டு கட்டும் வித்தை நமக்குப் புதியதன்று. அதற்குப் பரண் என்று பெயர். சங்கப் புலவர்கள் இதணம் என்றார்கள். புலி வேட்டைக்காரர்கள் இதையே மச்சான் என்பார்கள். ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையை ஜிம் கார்பெட் துரை 1926-ஆம் வருஷம் மே மாதத்தில் வீழ்த்தியது, ஒரு மாமரத்துப் பரணிலிருந்துதான். நம் குடியானவனோ பயிரைக் காக்கப் பரண் ஏறினான். தாளவாடி மலைப் பக்கத்தில் இன்றைக்கும் யானைக்கும் காட்டுப் பன்றிக்கும் அஞ்சி இரவெல்லாம் பரணில் விழித்திருப்போர் உண்டு.

ஆவடியை அடுத்த வெள்ளானூர் போன்ற ஊர்களில் வயலும் வீட்டுமனையும் கலந்து கிடக்கின்றன. கொல்லையில் கிளி விரட்டவோ, பிள்ளைகள் பறவை பார்க்கவோ பரண் கட்ட நினைப்பவர்கள் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

கால்களுக்குச் சவுக்கு மரம் உத்தமம். மண்ணுக்குள் போகும் முனையை நெருப்பில் கரிய வாட்டித் தார் பூசினால், கறையான் எளிதில் அண்டாது. இரண்டு முழ ஆழமாவது குழி வேண்டும். கால்களைக் குறுக்குக் கழிகளால் மூலைக்கு மூலை இழுத்துக் கட்டாவிட்டால், காற்றில் பரண் ஊஞ்சலாகிவிடும். கட்டுக்குத் தேங்காய் நார்க் கயிறே ஏற்றது. வைக்கோல் புரி ஒரு மழைக்குள் இற்றுப்போகும். தளத்துக்கு மூங்கில் பிளாச்சுகளைச் சிறு இடைவெளி விட்டுப் பரப்பினால், சாரல் நீர் தேங்காமல் வடிந்துவிடும்.

கூரையில்தான் சூட்சுமம் இருக்கிறது. சரிவு செங்குத்தாக இருக்கட்டும். சாய்வு குறைந்தால் ஓலைக்குள் நீர் ஊறும். கீற்றைக் கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி, மேல் வரிசை கீழ் வரிசையைப் பாதிக்குமேல் மூடும்படி வேய வேண்டும். உச்சியில் இரு பக்கமும் மடித்துப் போட்ட ஓலை அவசியம். தார்ப்பாய் போடுவோர் அதை ஓலைக்கு அடியில் விறைப்பாகக் கட்டுவது நலம். தொய்ந்தால் தண்ணீர் குளமாகி, பாரம் தாங்காமல் தலைமேல் விழும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்து மழை வடகிழக்கிலிருந்து வருவதால், அத்திசையில் தட்டி அடைத்து, எதிர்ப்புறத்தில் ஏணி வைக்கலாம்.

இவ்வளவும் செய்தாலும் இடிக்கு மருந்தில்லை. வெட்டவெளியில் உயர்ந்து நிற்கும் பரண் மின்னலுக்கு வரவேற்புப் பந்தல். வானம் உறுமினால் பயிர் கிடக்கட்டும் என்று இறங்கி வீடு சேர்வதே விவேகம். புயல் நாளில் ஏறவே கூடாது.

இரவுக் காவல் அலுத்துப்போய், வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் யானை சாகிறது. சில சமயம் அண்டை வயல்காரனும் சாகிறான். கட்டியவனே மிதித்து மாண்டதும் உண்டு. தூக்கம் விழித்துத் தொண்டை வறளக் கத்துவது கடினமே. ஆனால் மறுநாள் காலை யார் வீட்டிலும் அழுகுரல் கேட்காது.

தமிழ்நாட்டில் பரண் ஏறியவர்களுள் பெரும் பேர் பெற்றவள் வள்ளி. அவள் கையில் கவண் இருந்தது; வாயில் ஆலோலம் இருந்தது. கிளி பறந்தது, தினையும் பிழைத்தது. அவளைப் பெற்றதே ஒரு மான் என்பது புராணம். பரண் கட்டுகிறவர்கள் அந்த உறவை நினைவில் வைத்துக் கட்டுவார்களாக!