எண்ணிக்கையும் வரலாற்றுண்மையும்

வரலாற்று ஆய்வில் புள்ளிவிபர முறையைக் கையாளுவது பற்றித் தமிழ் ஆய்வுலகில் இருவகை மயக்கங்கள் நிலவுகின்றன. அட்டவணை ஒன்று கிடைத்தவுடன் ஆய்வு முற்றுப்பெற்றதெனக் கொள்வது ஒன்று. வரலாற்றுக்குக் கணக்கு வேண்டியதில்லையென ஒதுக்குவது மற்றொன்று. முன்னது மனிதர்க்குத் தீங்கு விளைக்க வல்லது. பின்னது அத்தீங்கைத் தடுக்கும் கருவியைக் கைநழுவ விடுவது. இதற்குக் கொழும்பு - புத்தளம் நெடுஞ்சாலையில் அமைந்த மதுரங்குளியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் அடங்கிய புத்தளம் மாவட்டமே தக்க சான்றாகும்.

1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகை ஏறத்தாழ 492,000. 2012இல் அது ஏறத்தாழ 762,000. மொத்தத் தொகை ஒன்றரை மடங்காக உயர்ந்த அக்காலத்தில், சோனகர் தொகை 48,000 அளவிலிருந்து 150,000 அளவுக்கு, அதாவது மும்மடங்காக உயர்ந்தது. இவ்விரு எண்களை மட்டும் நோக்குபவர் இதனை மிதமிஞ்சிய பிறப்பு வீதத்தின் விளைவெனக் கூறிவிடுவர். 2012ஐ அடுத்த ஆண்டுகளில் முஸ்லிம்களுக்கெதிராக எழுந்த பிரசாரம் இத்தகைய வாதங்களையே உணவாகக் கொண்டது.

எண்ணால் எழுந்த பொய்யை எண்ணாலேயே மறுக்கலாம். அதே காலப்பகுதியில் இலங்கை முழுவதிலும் சோனகர் தொகை ஏறத்தாழ 1.8 மடங்காகியது. புத்தளத்திலும் அவ்வளர்ச்சியே நிகழ்ந்திருப்பின் 2012இல் அவர்கள் 87,000 அளவினராகவே இருந்திருப்பர். எஞ்சும் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் எங்கிருந்து வந்தனர்? யாழ்ப்பாண மாவட்டத்தில் 1981இல் 14,000 அளவில் இருந்த சோனகர், பின்னர் பிரிந்து தனி மாவட்டமான கிளிநொச்சியையும் சேர்த்து எண்ணினும், 2012இல் மூவாயிரம் அளவினரே. ஓரிடத்து மிகையும் பிறிதோரிடத்துக் குறையும் ஒரே நிகழ்வைச் சுட்டுகின்றன. 1990 ஒக்டோபரில், வட மாகாணத்தில் தமது கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளிலிருந்து முஸ்லிம்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். வெளியேற்றப்பட்டோர் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் என மதிப்பிடப்படுகின்றனர். அவர்களிற் பெரும்பாலோர் அடைக்கலம் புகுந்தது புத்தளம் மாவட்டத்திலேயாம். 1981க்குப் பின் 2012 வரை நாடு முழுவதையும் தழுவிய குடிசன மதிப்பீடு நடைபெறாமையால், இப்பெயர்வு அட்டவணையில் வெறும் 'அதிகரிப்பு' எனத் தோற்றம் பெற்றது. பலவந்தமான வெளியேற்றத்தை இயற்கைப் பெருக்கமாகக் காட்டுவது பாதிக்கப்பட்டோரையே குற்றவாளிகளாக்குவதாகும். இவ்வுண்மையைக் கூறத் தமிழ் ஆய்வாளர் தயங்குவாராயின், அவர்தம் மௌனமும் அப்பிழைக்குத் துணைபோவதே.

எல்லையும் வகைப்பாடும் விளைக்கும் மயக்கம் இதனினும் நுண்ணியது. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் புத்தளமும் சிலாபமும் தனித்தனி மாவட்டங்கள். பின்னர் அவை இணைந்தன. பழைய புத்தளத்தின் எண்ணையும் இன்றைய புத்தளத்தின் எண்ணையும் அருகருகே வைத்து வளர்ச்சி வீதம் கணிப்பவர் ஒரே பெயருடைய இருவேறு நிலப்பரப்புகளை ஒப்பிடுகின்றார். இனவாரி அட்டவணையோ மொழியைக் கூறுவதில்லை. இம்மாவட்டத்தில் 'தமிழர்' எனப் பதிவானோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அவ்வெண்ணைக் கொண்டு இங்குத் தமிழ் தேய்ந்துவிட்டதெனப் புலம்புவோர், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட சோனகரை மறந்துவிடுகின்றனர். மதுரங்குளியை அடுத்த கடையாமோட்டை, கணமூலை, விருதோடை ஆகிய ஊர்ப்பெயர்கள் உணர்த்தும் மொழி வரலாற்றை இனவாரி அட்டவணை உணர்த்தாது. மாறாக, மாவட்டத்தின் தென்பகுதிக் கரையோரத்திற் பாட்டன் பாட்டி தமிழ் பேசிய குடும்பங்கள் பல இன்று சிங்களவராகப் பதிவு பெறுகின்றன. முன்னதில் தமிழ் பேசுவோர் கணக்கில் வாராது போகின்றனர். பின்னதில் மொழிமாற்றம் என்னும் சமூக நிகழ்வே மறைந்துபோகின்றது.

இவற்றைக் காட்டி, எண்ணே வேண்டாம் என்பார்க்கும் விடையுண்டு. சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்து நொபொரு கராஷிமா, சுப்பராயலு, மட்சுயி ஆகியோர் 1978இல் வெளியிட்ட பெயரடைவு, பட்டங்களும் பதவிகளும் எக்காலத்தில், எப்பகுதியில், எத்துணை வழங்கின என்பதை எண்ணிக் காண வழிசெய்தது. தமக்கு உகந்த கல்வெட்டொன்றை எடுத்துக்காட்டிப் பேரரசின் இயல்பையே வரையறுக்கும் பழக்கத்துக்கு அது தக்க மறுப்பாயிற்று. எனினும் அங்கும் கல்வெட்டைப் படித்தறிந்த பின்னரே எண்ணுதல் தொடங்கிற்று. பெரும்பாலும் கோயிற் சுவர்களிற் பொறிக்கப்பட்டவை கோயிலோடு தொடர்புடையோரையே மிகுதியாகக் காட்டும் என்பதையும் ஆய்வாளர் கருத்திற் கொள்ள வேண்டியிருந்தது.

ஆகவே, பல்கலைக்கழக ஆய்வேடு ஒவ்வொன்றிலும் அட்டவணைக்கு முன்னர் மூன்று வினாக்களுக்கு விடை இருத்தல் வேண்டும். எண்ணியவர் யார், எத்தேவைக்காக? எண்ணப்பட்ட எல்லையும் வகையும் இடையில் மாறினவா? எண்ணிய நாளில் அங்கு இல்லாதிருந்தோர் யார், புதிதாய் வந்திருந்தோர் யார்? இவ்விடைகளற்ற ஆய்வேட்டை ஏற்க மறுப்பது விரிவுரையாளரின் கடமை. மாணவர்க்கு அது சுமையாகத் தோன்றலாம். ஆனால் வினவப்படாத எண்ணின் சுமை மதுரங்குளியில் வாழும் மனிதர் தலைமீதே விழுகின்றது.