கப்பல் வந்த பிறகு

வ.உ.சி.யைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது வணிகவியல் மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அந்தக் கம்பெனி எதனால் மூடப்பட்டது?" என்று கேட்டார். வெள்ளையர் கொடுமையால் என்று சட்டென விடையளித்தோம். விடை தவறன்று, ஆயினும் போதாது என்ற உறுத்தல் அன்றுமுதல் நம்மை விட்டபாடில்லை. 'கப்பலோட்டிய தமிழன்' என்னும் பட்டம் தியாகியை நம் நெஞ்சில் நிறுத்தி, நிர்வாகியை மறைத்துவிட்டதோ?

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவர். (தமிழ்ச் சங்கத் தலைவரே கப்பல் கம்பெனிக்கும் தலைவராய் வீற்றிருந்த காலம் ஒன்று நமக்கு இருந்திருக்கிறது!) ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார். வ.உ.சி.க்கு வாய்த்தது உதவிச் செயலாளர் பதவி. பாரம் சுமந்தவர் அவரே.

கம்பெனிக்குப் பெயர் இருந்தது. சொந்தக் கப்பல் இல்லை. குத்தகைக்குக் கப்பல் தந்த ஷா நிறுவனம், பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் நெருக்குதலால் பின்வாங்கியது. வேறொருவராயின் அத்துடன் கடையைக் கட்டியிருப்பார். அவரோ கொழும்பு சென்று வேறு கப்பலைக் குத்தகைக்குப் பிடித்து ஓட்டத்தைத் தொடரச் செய்தார். பிறகு பம்பாய்க்குப் புறப்பட்டார். 1907-இல் காலியா, லாவோ என இரு கப்பல்கள் தூத்துக்குடிக் கடலுக்கு வந்துசேர்ந்தன. பிறர் கப்பலை நம்பிய நிறுவனம் ஓராண்டுக்குள் கப்பலுடைமை நிறுவனமாயிற்று. அவருடைய நிர்வாகத் திறனுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அடுத்து வந்தது கட்டணப் போர். கொழும்புக் கட்டணத்தை எதிரி ஒரு ரூபாயாகக் குறைத்தான்; பின்னர் இலவசம் என்றான், குடையும் கொடுத்தான். இலவசத்தோடு எந்தக் கணக்குப்பிள்ளையும் போட்டியிட முடியாது. காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவன் பயணச்சீட்டையா வாங்கினான்? மேடைகளில் கேட்ட பேச்சுக்கன்றோ விலை கொடுத்தான்! ஆக, அந்தக் கம்பெனியின் மெய்யான மூலதனம் அரசியலே என்பது நம் துணிபு.

இங்கேதான் முடிச்சு. அரசியலை விடுமாறு கம்பெனிக்குள்ளிருந்தே வ.உ.சி.க்கு வற்புறுத்தல் வந்தது. அப்படிச் சொன்னவர்களைக் கோழைகள் என ஏசுவது எளிது, நாம் ஏசமாட்டோம். ஊரார் பணத்துக்குப் பொறுப்பேற்றவர்கள் அஞ்சுவது இயல்பு. ஆனால் அரசியலை நீக்கிய கம்பெனி எதை விற்றுப் பிழைக்கும் என்பதை அவர்கள் எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை.

1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர், வ.உ.சி. அவர்களுக்கு முன்நின்றார். ஆலையை நடத்திய ஹார்வி நிறுவனமே பிரிட்டிஷ் இந்தியா கப்பல்களுக்கும் தூத்துக்குடி முகவர். ஆலைவாசலில் நின்றதும் கப்பல் போட்டியும் ஒரே எதிரியை நோக்கியவையே. தொழிலாளர் வென்றனர். மார்ச் 12-இல் அவர் கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை.

வ.உ.சி.யிடமும் நமக்கு ஒரு குறை உண்டு. சுமை முழுவதையும் தம் தோளிலேயே ஏற்றிக்கொண்டார். தமக்குப்பின் தாங்குவதற்கு ஒருவரை ஆயத்தம் செய்யவில்லை. அதற்குக் காலம் எங்கே இருந்தது என்று அன்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கம்பெனி தொடங்கியதற்கும் கைதுக்கும் இடையே ஒன்றரை ஆண்டுகூட இல்லை.

1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா எந்தப் போட்டியாளனை எதிர்த்து வாங்கப்பட்டதோ அவனிடமே விலைபோயிற்று. 1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறைவாசலில் வ.உ.சி. வெளிவந்தபோது வரவேற்க நின்றவர் சுப்பிரமணிய சிவா உள்ளிட்ட மிகச் சிலர். பங்குதாரர் எவரேனும் அங்கே நின்றாரா என்று அந்த மாணவர் அடுத்த வகுப்பில் கேட்டார்.